கொடையாளி நிணநீரணு ஏற்றம்

கொடையாளி நிணநீரணு ஏற்றம் என்பது, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்ற இரத்தப் புற்றுநோயாளிக்கு, மச்சை வழங்கிய அதே கொடையாளியின் நோயெதிர்ப்பு உயிரணுக்களைச் செலுத்தி, எஞ்சிய புற்றணுக்களை அழிக்க முயலும் சிகிச்சை முறை ஆகும். இதற்கான அடிப்படை எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளிலிருந்து கிடைத்தது.

தேவை

கதிர்வீச்சும் மருந்துகளும் பெரும்பாலான புற்றணுக்களை அழிக்கின்றன. எனினும் சில எஞ்சினாலும் நோய் மீண்டும் தோன்றக்கூடும். கதிர்வீச்சின் அளவைக் கூட்டினால், இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சையும் அழிந்துவிடும். அதனை ஈடுசெய்யவே மச்சை மாற்றப்படுகிறது.

எலிகளில் ஆய்வு

1956 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆர்வெல்லில் பார்ன்சு, லூட்டிட் முதலியோர் இரத்தப் புற்றுநோய் கொண்ட எலிகளுக்கு ஊடுகதிர் செலுத்தி, பின்னர் மச்சையை ஏற்றினர். தம் இனக்கால்வழி எலிகளின் மச்சையைப் பெற்றவற்றில் புற்றுநோய் மீண்டது. வேறு இனக்கால்வழியின் மச்சையைப் பெற்றவற்றில் புற்றுநோய் பெரிதும் மீளவில்லை; ஆயினும் அவை உடல் மெலிந்து இறந்தன. கதிர்வீச்சுக்குத் தப்பிய புற்றணுக்களைக் கொடையாளி அணுக்களின் நோயெதிர்ப்பு வினை அழித்திருக்கலாம் என அவர்கள் கருதினர்.

செயல்முறை

கொடையாளியின் டி-உயிரணுக்கள், பெறுநரின் உயிரணுப் பரப்பிலுள்ள மாறுபட்ட புரதங்களை அயற்பொருளாக அடையாளங்கண்டு தாக்குகின்றன. புற்றணுக்கள் தாக்கப்படுவது நன்மை தருகிறது. ஆனால் தோல், குடல், கல்லீரல் ஆகியனவும் தாக்கப்படலாம். இது ஒட்டு எதிர் ஓம்புனர் நோய் எனப்படுகிறது. மேற்கூறிய எலிகள் மெலிந்து இறந்ததற்குக் காரணம் இதுவே. டி-உயிரணுக்களை நீக்கிவிட்டு மச்சையை மாற்றினால் இந்நோய் குறையும். ஆனால் புற்றுநோய் மீளும் வாய்ப்பு கூடும். அதாவது, நன்மையும் தீமையும் ஒரே வகை உயிரணுக்களிலிருந்தே எழுகின்றன.

இச்சிக்கலுக்கு ஒரு தீர்வையும் எலி ஆய்வுகள் காட்டின. கதிர்வீச்சினால் சிதைந்த திசுக்கள் வெளியிடும் அழற்சிப் பொருட்கள் டி-உயிரணுக்களை மேலும் தூண்டுகின்றன. ஆகவே, மச்சை மாற்றிச் சில வாரங்கள் கழித்து நிணநீரணுக்களைச் செலுத்தியபோது, புற்றெதிர்ப்பு நிலைக்க, உடல் உறுப்புகளுக்கு நேரும் பாதிப்பு குறைந்தது.

மனிதரில் பயன்பாடு

1990 ஆம் ஆண்டில் செருமனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த கோல்ப் குழுவினர், மச்சை மாற்றத்திற்குப் பின் நாட்பட்ட மச்சைசார் இரத்தப் புற்றுநோய் மீண்ட மூவருக்கு, இண்டர்பெரான் மருந்துடன் கொடையாளி வெள்ளணுக்களையும் வழங்கி, நோய் தணிந்ததை வெளியிட்டனர். இவ்வகைப் புற்றுநோயில் இம்முறை நன்கு பயனளிக்கிறது. விரைந்து பெருகும் கடும் இரத்தப் புற்றுநோய்களில் பயன் குறைவு. ஒட்டு எதிர் ஓம்புனர் நோயைத் தவிர்க்க, அணுக்கள் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி வழங்கப்படுகின்றன.