இருபது வயதில் குட்டிக்கரணம்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நம் பெண் பிள்ளைகள் பலருடைய ஓட்டமும் பாய்ச்சலும் முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு உடல் என்பது வேலை செய்வதற்கும் நோய் வந்தால் வைத்தியரிடம் காட்டுவதற்கும் மட்டுமே என்றாகிவிடுகிறது. இந்த நிலையில் ஒரு யுவதி, "எனக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பழக ஆசை" என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். அது ஐந்து வயதில் தொடங்க வேண்டியதல்லவா என்பார்கள்.

பதக்கம்தான் குறிக்கோள் என்றால் அவர்கள் சொல்வது சரி. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையாகப் பங்கேற்ற மில்கா கெஹானி டி சில்வாவுக்கு அப்போது வயது 18 தான். அதே போட்டியில் உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினா 46 வயதில், தமது எட்டாவது ஒலிம்பிக்கில் பாய்ந்தார். அவர் சிறு வயதிலேயே தொடங்கியவர் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் தாயான பின்னரும் ஒரு பெண்ணின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அவர் சாட்சி. ஜேர்மனியின் ஜொஹன்னா குவாஸ் 86 வயதில் போட்டியிட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். பதக்கத்துக்காக அல்லாமல், பழகும் இன்பத்துக்காகவே வரும் வளர்ந்தவர்களுக்குப் பிரித்தானியா போன்ற நாடுகளில் தனி வகுப்புகளே உண்டு.

வளர்ந்தவருக்கு இது ஏன் கடினம்? சிறு பிள்ளையின் உடல் குட்டையானது, எடையும் குறைவு. குட்டையான உடல் இலகுவாகச் சுழலும். விழுந்தாலும் தரை அருகிலேயே இருக்கும். நமக்கோ உயரமும் எடையும் கூடிவிட்டன, கூடவே பயமும். இதுவரை பேனையையும் அகப்பையையும் மட்டுமே தாங்கிய மணிக்கட்டு, திடீரென்று முழு உடலையும் தாங்க வேண்டியிருக்கிறது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு மாதங்கள் வேண்டும். "எனக்கு வந்துவிட்டது" என்று நினைக்கும் இரண்டாம் மாதத்தில்தான் பலர் காயப்படுகிறார்கள் என்றால் அதன் காரணம் இந்த இடைவெளிதான்.

ஆகவே முதல் பாடம் மணிக்கட்டுக்கு. முழங்காலில் நின்று, இரு கைகளையும் தரையில் ஊன்றி, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். விரல்களை விரித்து வைத்தால் பாரம் பரவும். மறுநாள் காலையில் மணிக்கட்டு வலித்தால் அன்று ஓய்வு.

இரண்டாம் பாடம் விழுதல். பின்னால் விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. முன்கை எலும்பு முறிவதும் பெரும்பாலும் அப்படித்தான். கைகளை மார்போடு சேர்த்து, நாடியை நெஞ்சுக்குள் புதைத்து, முதுகை வளைத்து உருளப் பழக வேண்டும். இதை ஒழுங்காகப் படித்தவருக்குப் பாதிப் பயம் போய்விடும். மழைக்காலத்தில் நம் ஊரின் பாசி பிடித்த படிகளிலும் இது உதவும்!

பிறகுதான் குட்டிக்கரணம். உச்சந்தலை தரையில் படக்கூடாது. பாரத்தைக் கைகள் வாங்க, பிடரி மெல்லத் தொட, மேல்முதுகு உருள வேண்டும். மிருதுவான பஞ்சு மெத்தை இதற்கு ஆகாது. கை புதையும், கணுக்கால் பிரளும். தரையோடு அமர்ந்திருக்கும் உறுதியான விரிப்பே நல்லது. கழுத்து நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் இறங்கக் கூடாது. அந்தரத்தில் புரளும் பாய்ச்சல்களைப் பயிற்றுவிப்பாளர் இல்லாமல் வீட்டில் முயலவே வேண்டாம். கைபேசியில் பார்த்ததும் எழும் ஆசை மிகவும் ஆபத்தானது.

சமநிலைக் கட்டையின் அகலம் 10 சென்ரிமீற்றர், நீளம் 5 மீற்றர், உயரம் 1.25 மீற்றர். விறாந்தையில் சோக்கட்டியால் அதே அகலத்தில் கோடு கீறி நடந்து பாருங்கள். தரையில் விழ இடமே இல்லை, ஆனாலும் கால் தடுமாறும்.

பெற்றோரின் முதற்கேள்வி உடை பற்றியதாக இருக்கும். 2015இல் தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்ற மலேசியாவின் பரா ஆன் அப்துல் ஹாதியின் வெற்றியைவிட அவரது உடையே அதிகம் பேசப்பட்டது. ஆனால் சர்வதேச விதிகள் கணுக்கால் வரை மூடும் உடைக்கும் இடமளிக்கின்றன. 2021இல் ஜேர்மன் அணியினர் அதையே அணிந்து டோக்கியோவில் போட்டியிட்டார்கள். பயிற்சிக்குத் தளராத நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போதும். தலையை மூடுவது ஊசி குத்தாத, இழுத்து அணியும் வகையாக இருக்கட்டும். உருளும்போது ஊசி ஆபத்து.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. இந்தக் கலையில் பழக்குபவர் இடுப்பையும் தோளையும் தாங்கிப் பிடித்தே ஆக வேண்டும். ஆகவே பெண் பயிற்றுவிப்பாளரா, மூடிய மண்டபமா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. பிள்ளையோடு உம்மாவும் போய் ஒரு நாள் இருந்து பார்க்கலாம். முடிந்தால் கூடவே பழகலாம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்ததையும், உடல் கனத்த பின்னர் மீண்டும் ஓடியதையும் நாம் மேடைகளில் சொல்கிறோம். அந்த இரண்டாவது ஓட்டத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு ஏன் நினைவூட்டுவதில்லையோ தெரியவில்லை.

கிழமைக்கு மூன்று நாள், அரை மணி நேரம் போதும். தலைகீழாக நிற்க ஆசைப்படுபவர், வயிறு சுவரைப் பார்க்கும்படி கால்களைச் சுவரில் ஏற்றி நின்று, தரையைத் தோளால் தள்ளப் பழகட்டும். சாய்ந்துவிட்டால் ஒரு கையைத் திருப்பிப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தை முதலில் பழகாமல் சுவரை விட்டு விலக வேண்டாம்.