‘நம்ம ஊர்ல இந்த கார் இன்னொண்ணு இருக்கா?’ - பழைய சொகுசு கார்கள் கண்ணில் படாதது ஏன்?

கம்மாபுரம் கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்றால் என்னென்ன வண்டிகள் போகும் என்று உள்ளூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். விருத்தாசலம் பஸ், சேத்தியாத்தோப்பு பஸ், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர், நெல் மூட்டை லாரி, நெய்வேலிக்கு வேலைக்குப் போகிறவர்களின் பைக்குகள், நடுநடுவே ஒரு ஸ்விஃப்ட், ஒரு பொலிரோ, ஒரு இன்னோவா. இந்த வரிசையில் திடீரென்று ஒரு பழைய கான்டெஸாவோ, 1990-களின் பென்ஸ் காரோ வந்தால் டீக்கடையில் பேச்சு ஒரு நிமிடம் நின்றுவிடும். “இந்த வண்டி இன்னுமா ஓடுது?” என்று யாராவது கேட்பார்கள்.

வண்டியை ஓட்டுகிறவருக்கு இருக்கும் கேள்வி வேறு. “நம்ம வண்டி மாதிரியே இன்னொண்ணை ரோட்டுல பார்த்து எத்தனை நாளாச்சு?” என்பதுதான் அது. வாரக்கணக்கு மாதக்கணக்காகி, சிலருக்கு வருடக்கணக்காகவும் ஆகிவிடுகிறது. இது வெறும் ஆசைக் கேள்வி அல்ல. அதே மாடல் இன்னொன்று பக்கத்தில் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் பல பழைய கார்களின் ஆயுள் முடிவாகிறது.

எதையெல்லாம் பழைய சொகுசு கார் என்கிறோம்?

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பழைய கார்கள்தான். ஆனால், அவை சொகுசு கார்கள் அல்ல. அன்றைய பொதுக் கார்கள். 1980-களில்தான் இந்தியாவில் அவற்றுக்கு ஒரு படி மேலே சில கார்கள் வந்தன. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெஸாவைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் வாக்ஸால் நிறுவனத்தின் பழைய மாடல் ஒன்றுதான் அதன் அடிப்படை. தொடக்கத்தில் 1,489 சிசி இன்ஜின், பிறகு ஜப்பானின் இசுஸூ இன்ஜின் என்று மாறி, 2002 வரை தயாரானது. அரசியல்வாதி, பண்ணையார், சினிமா வில்லன் ஆகிய மூவருக்கும் பொதுவான காராக அது இருந்தது.

அடுத்த அலை 1995-ல் வந்தது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் டெல்கோவுடன் சேர்ந்து புனே அருகே ‘டபிள்யூ124’ வகை இ-கிளாஸ் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. இந்தியாவிலேயே பூட்டப்பட்ட முதல் பென்ஸ் அதுதான். 2007-ல் சென்னையை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை திறக்கப்பட்டது. அங்கிருந்து முதலில் வெளிவந்த 3 சீரிஸ் கார்களே இப்போது 20 வயதை நெருங்கிவிட்டன.

மெட்ராஸில் பிறந்த சொகுசு கார்

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே இருக்கும் மிகச் சரியான உதாரணம் ‘ஸ்டாண்டர்டு 2000’. இன்றைய இளைஞர்களில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1948-ல் மெட்ராஸில் தொடங்கப்பட்டது. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் அதன் ஆலை இருந்தது. ஸ்டாண்டர்டு வான்கார்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கேஸல் என்று வரிசையாக கார்களைத் தயாரித்தது. 1970-களின் இறுதியில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டு, வேன்களோடு காலம் தள்ளியது.

பிறகு 1985-ல் ஒரு பெரிய துணிச்சல். பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் வடிவத்தை வாங்கி, ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெயரில் களம் இறக்கியது. எஸ்டி1 சாதாரண கார் அல்ல. 1977-ல் ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருதை வாங்கியது. பிரிட்டனில் அது 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜினோடு அறிமுகமானது.

மெட்ராஸில் வந்ததோ 1,991 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜின். அதன் பூர்வீகம் 1940-களின் வான்கார்டு கார். அந்தக் குடும்ப இன்ஜின் பிரிட்டனில் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது, டிரையம்ஃப் விளையாட்டுக் காரிலும் ஓடியது. வெளியே விருது வாங்கிய உடம்பு, உள்ளே டிராக்டர் வீட்டுச் சொந்தம். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, இழுவை போதவில்லை என்று புகார்கள் எழுந்தன. பக்கத்திலேயே மாருதி சிக்கனமாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1988-ல், உற்பத்தி நின்றது. ஆலையும் மீளவில்லை.

கதை அதோடு முடியவில்லை. மூடிய ஆலையின் கிடங்கில் எஸ்டி1 உதிரிபாகங்கள் பல ஆண்டுகள் தூங்கின. 2006-ல் அவை ஏலத்துக்கு வந்தபோது, பழைய ரோவர் உதிரிபாகங்களை விற்கும் பிரிட்டன் நிறுவனம் ஒன்று வாங்கிக் கப்பலேற்றியது. பெருங்களத்தூர் கிடங்கின் கதவும் பம்பரும் இங்கிலாந்து ரோவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இங்கே ஸ்டாண்டர்டு 2000 வைத்திருப்பவருக்கு அதே பொருள் வேண்டுமென்றால், கடல் கடந்துதான் வரவழைக்க வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு மாடலை நாம் ரோட்டில் பார்ப்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை தயாரானது, அதில் எத்தனை மிஞ்சியது, மிஞ்சியவை எங்கே, எவ்வளவு ஓடுகின்றன. மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் நம் கண்ணில் படும் வாய்ப்பு.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு மாடலில் இந்தியா முழுக்க 3,000 கார்கள் விற்றன, பத்தில் ஒன்று இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 300. இந்தியாவில் சுமார் 780 மாவட்டங்கள். சமமாகப் பிரித்தாலே இரண்டு மாவட்டத்துக்கு ஒரு கார்கூட வராது. அந்த ஒரு காரும் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்தால், அதை இன்னொரு உரிமையாளர் எதேச்சையாகச் சந்திப்பது கிட்டத்தட்ட லாட்டரிதான்.

மிஞ்சியவை எத்தனை என்று தெரிந்துகொள்ளவும் எளிதான வழி இல்லை. பிரிட்டனில் ஒவ்வொரு மாடலிலும் எத்தனை கார்கள் சாலையில் உள்ளன என்ற அரசுத் தரவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தியாவின் ‘வாகன்’ தளத்தின் பொது அட்டவணை, நிறுவனவாரியாகத்தான் எண்ணிக்கை தருகிறது, மாடல்வாரியாக அல்ல. போதாக்குறைக்கு, பதிவேட்டில் உயிரோடு இருக்கும் பல கார்கள் நிஜத்தில் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டவை.

மற்றவை எங்கே போயின?

முதல் காரணம், உதிரிபாகம். ஒரு சாதாரணக் காரின் ஹெட்லைட் உடைந்தால் விருத்தாசலத்திலேயே கிடைக்கும். நின்றுபோன மாடலுக்கு அந்த ஒரு ஹெட்லைட்டுக்காக சென்னை புதுப்பேட்டைக்கோ, கோவை உக்கடத்துக்கோ போக வேண்டும். அங்கேயும் அது இன்னொரு செத்த வண்டியிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும். இரண்டு வண்டியைப் பிரித்து ஒரு வண்டியை ஓட்டுவது பழைய கார் உலகின் வழக்கம். ஒன்று பிழைக்க, இரண்டு குறையும்.

இரண்டாவது, இன்ஜின் மாற்றம். பெட்ரோல் செலவு தாங்காமல் கான்டெஸா, ஸ்டாண்டர்டு 2000 போன்ற கார்களில் டீசல் இன்ஜினைப் பொருத்தி ஓட்டியவர்கள் உண்டு. பொருந்தாத இன்ஜினின் அதிர்வில் பாடி சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆர்சி புத்தகத்தில் மாற்றத்தைப் பதியாமல் விட்டிருந்தால், பிறகு பதிவைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும்.

மூன்றாவது, தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூர் மாவட்டத்திலும் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. புதிய காருக்குக் காப்பீடு கைகொடுக்கும். பழைய காருக்குக் காப்பீட்டு மதிப்பே சொற்பம் என்பதால், சரிசெய்யும் செலவைவிட எடைக்குப் போடுவது லாபமாகிவிடும்.

எல்லா மாடலுக்கும் ஒரே கதி அல்ல. டபிள்யூ124 பென்ஸ் உலகம் முழுக்க 25 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதனால், ரோட்டில் அரிதாகத் தெரிந்தாலும் பாகம் கிடைக்கும், விலைதான் பிரச்சினை. உள்நாட்டில் மட்டும் விற்று நின்றுபோன கார்களுக்குக் காசு இருந்தாலும் பாகம் இருக்காது.

கடலூர் மாவட்டத்தில் ஏன் இன்னும் அரிது?

சொகுசு கார்கள் பணம் சுழலும் இடத்தில்தான் முதலில் விற்கும். 1980-களில், 90-களில் அது சென்னை, கோவை, திருப்பூர், கரூர் பக்கம். விவசாயமும் நிலக்கரிச் சுரங்கமும் முந்திரியும் உள்ள கடலூர் மாவட்டத்துக்கு இவை பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கையாகத்தான் வந்தன. அப்படி வந்த வண்டிக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரும் கிடையாது. மரத்தடி மெக்கானிக்கின் கைராசிதான் ஒரே நம்பிக்கை.

நம்பர் பிளேட்டிலும் ஒரு குழப்பம். கடலூரின் டிஎன் 31, சிதம்பரத்தின் டிஎன் 91 எண்களில் மட்டும் தேடினால் போதாது. பக்கத்திலேயே புதுச்சேரி. வரி குறைவு என்பதால் அங்கே பதிவான சொகுசு கார்கள் ஏராளம். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களும் ஓடக் கூடாது என்பதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, அங்கிருந்தும் தடையில்லாச் சான்றோடு பழைய கார்கள் வெளிமாநிலங்களுக்கு வருகின்றன. வேறு மாநில எண்ணுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்.

கண் செய்யும் வேலை

புதிதாக ஒரு கார் வாங்கியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். வாங்கிய மறுநாளிலிருந்து போகும் இடமெல்லாம் அதே கார், அதே நிறம். எண்ணிக்கை கூடவில்லை; மனம் அதைத் தேடிப் பிடிக்கிறது. மொழியியல் அறிஞர் ஆர்னால்டு ஸ்விக்கி இதை ‘அடிக்கடி நிகழ்வதுபோன்ற மயக்கம்’ என்ற பொருளில் குறிப்பிட்டார்.

பழைய சொகுசு கார் உரிமையாளருக்கு இதே கூர்மை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. தன் மாடலின் பின்பக்க விளக்கை அரை கிலோமீட்டர் தொலைவிலேயே அடையாளம் காணும் கண் அவருக்கு உண்டு. அந்தக் கண்ணுக்கே ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால், உண்மையிலேயே இல்லை என்றுதான் அர்த்தம்.

சட்டமும் செலவும்

தமிழ்நாட்டில் வயதை வைத்து ஒரேயடியாகத் தடை இல்லை. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பசுமை வரி தனி.

ஆனால், செலவு ஏறிக்கொண்டே போகிறது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயானது. இறக்குமதி காருக்கு 40,000. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாகவும், இறக்குமதி கார்களுக்கு 80,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு 2021-ல் ‘விஏ’ என்ற தனி எண் வரிசை கொண்டுவரப்பட்டது. இந்தப் பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால், கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே வண்டியை எடுக்கலாம். 1985 ஸ்டாண்டர்டு 2000 இந்தச் சலுகைக்கு 2035 வரை காத்திருக்க வேண்டும். பாரம்பரியச் சின்னம் ஆகும் அளவுக்கு வயதும் இல்லை, தினமும் ஓட்டும் அளவுக்கு இளமையும் இல்லை. இந்த இடைப்பட்ட காலத்தில்தான் கார்கள் அதிகம் அழிகின்றன.

இன்னொரு வண்டி கண்ணில் பட்டால்?

அதனால்தான் எதிரே அதே மாடல் வந்தால் உரிமையாளர்கள் ஹெட்லைட்டை மின்னவைத்து, ஓரம் கட்டி, இறங்கிப் பேசிவிடுகிறார்கள். “கார்புரேட்டர் எங்க பார்த்தீங்க?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. பாகம் தெரிந்த கடை, கைதேர்ந்த மெக்கானிக், நியாயமான விலை என்று ஐந்து நிமிடப் பேச்சில் கிடைப்பது, மாதக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது. ஒருவர் வண்டி நின்றுபோனால், அதன் பாகங்கள் இன்னொருவர் வண்டியைக் காப்பாற்றும்.

உள்ளூரில் தேடுகிறவர்கள் ரோட்டைவிட மாட்டுக்கொட்டகையையும் அரிசி ஆலைக் கிடங்கையும் பார்ப்பது பலன் தரும். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, மகன் வெளியூரில் என்ற நிலையில், தார்ப்பாய்க்கு அடியில் பல கார்கள் நிற்கின்றன. ஆர்சி காலாவதியாகி, டயர் தரையோடு ஒட்டிக் கிடக்கும் அந்த வண்டி எடைக்குப் போகுமுன், “விக்கிறீங்களா?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் அந்த மாடலில் ஒன்று மிஞ்சும். கேட்காவிட்டால் அடுத்த முறை கம்மாபுரம் கடைத்தெருவில் “இந்த வண்டி இன்னுமா ஓடுது?” என்று கேட்கக்கூட ஒரு வண்டி வராது.