ஐந்து சுற்றா, ஏழு சுற்றா?

வீட்டுச் சரக்கு - 9

கல்யாணச் சீருக்குக் கைமுறுக்கு சொல்லப் போனால், சுற்றுகிற அம்மா எண்ணிக்கையை அப்புறம்தான் கேட்பார். முதல் கேள்வி, "எத்தனை சுத்து?" ஐந்து சுற்றுக்கு ஒரு விலை, ஏழு சுற்றுக்கு ஒரு விலை. ஒன்பது என்றால், "பார்க்கலாம்" என்று ஓர் இழுவை. அரிசி மாவு, உளுத்த மாவு, வெண்ணெய் எல்லாம் ஒன்றுதான். ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே துணிமேல் வளையம் விடும்போது, வெளிச்சுற்றுக்கு வரும்போதுதான் கை சோர்ந்திருக்கும். எண்ணெயில் போடும்போது முதலில் விண்டு போவதும் அந்தச் சுற்றுதான். அதனால் இரண்டு சுற்று கூடினால் மாவுச் செலவைவிடக் கூலி அதிகமாக ஏறும். டெல்டாப் பக்கம் இதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. பேரம் பேசுவார்கள், ஆனால் சுற்றுக்குக் காசு கேட்பது நியாயம்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதே வீட்டுப் பெண் மைதாவில் பூவும் நட்சத்திரமும் வெட்டி, குச்சி செருகிச் சுட்டு, மேலே வண்ண ஐசிங் போட்டு, கூடையில் கொத்தாக நிறுத்தி 'குக்கீ பொக்கே' என்று கொடுத்தால் மட்டும் கேள்வி மாறிவிடுகிறது. "என்னக்கா, பேக்கரில கிலோவே நானூறு ஐந்நூறுக்குள்ள கிடைக்குது. இத்தனூண்டு பிஸ்கட்டுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பதா?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பிஸ்கட் என்றதுமே நம் மனம் தராசைத் தேடுகிறது. விற்பவரும் பாதி வேளை தராசை நினைத்துத்தான் விலை சொல்கிறார், பண்டிகை முடிந்ததும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே என்று முழிக்கிறார்.

காரைக்கால் தலத்தெருவில் இருந்துகொண்டு இந்த வியாபாரம் செய்ய நினைப்பவருக்குக் காலண்டர் நல்ல காலண்டர். ரம்ஜான், ஆனியில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா, தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் என்று மூன்று மதத்தாருக்கும் பண்டிகை வரிசையாக வரும். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் காரைக்கால் குடும்பங்களுக்கு குக்கீயில் பொக்கே என்று சொன்னால் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சரி, விலைக்கு வருவோம்.

பதினொரு குக்கீ கொண்ட ஒரு கொத்து என்று வைத்துக்கொள்வோம். சீர்த்தட்டு ஒற்றைப்படையில் வைத்துப் பழகிய ஊரில், டஜனைவிடப் பதினொன்று எளிதாக விலைபோகும் என்பது என் அபிப்பிராயம். பதினொன்று வேண்டுமென்றால் பதின்மூன்று சுட வேண்டும். ஒன்று குச்சி செருகும் இடத்தில் வெடிக்கும், ஒன்று ஐசிங்கில் கெடும். மைதா, கிலோ அறுநூறு என்று போட்டால் நூறு கிராமுக்குச் சற்று மேல் வெண்ணெய், சர்க்கரை, முட்டை, வெனிலா எல்லாம் சேர்ந்து 95 ரூபாய். ஐசிங் சர்க்கரையும் ஜெல் கலரும் 50. ஆக, வாய்க்குள் போவது 145 ரூபாய்.

இனி வாய்க்குள் போகாதது. குச்சி 33, ஒவ்வொரு குக்கீக்கும் கண்ணாடித்தாள் உறை 22, கூடையும் அதற்குள் குச்சி நிற்க வைக்கும் ஃபோமும் 80, ரிப்பனும் டிஷ்யூ தாளும் 30, லேபிளும் வாழ்த்து அட்டையும் 10. மொத்தம் 175. தின்பதைவிடக் கட்டுவதற்குச் செலவு அதிகம்! 1500 வாட் ஓடிஜி அடுப்பு ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், அதற்குப் பத்து ரூபாய். கையை விட்டுப் போகும் பணம் 330. இந்த விலைகள் ஒரு கணக்குக்காக நான் போட்டவை. உங்கள் கடைக்காரர் பில்லை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். விகிதம் பெரிதாக மாறாது.

வீட்டில் கேக் செய்து விற்பவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உலவுகிறது: பொருள் விலையை மூன்றால் பெருக்கு. எந்தப் பொருள் விலை? 145-ஐப் பெருக்கினால் 435. 330-ஐப் பெருக்கினால் 990. ஒரே விதி, ஒரே கொத்து, இரண்டு விலைக்கும் இடையே ஐந்நூற்றுச் சொச்சம். சாதாரண ஸ்பாஞ்ச் கேக்குக்கு இந்த விதி ஓரளவு பொருந்தும், அதில் பொருளும் உழைப்பும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஐசிங் வேலையில் அப்படியில்லை. பத்து ரூபாய் கலரில் பத்து நிமிடமும் வேலை செய்யலாம், இரண்டு மணி நேரமும் செய்யலாம்.

ஆகவே நேரத்தைத் தனியாக எழுத வேண்டும். மாவு பிசைந்து, குளிரவைத்து, தேய்த்து, வெட்டிச் சுட ஒரு மணி. ஐசிங் கலக்கி வண்ணம் பிரித்து, ஓரம் கட்டி, நடுவை நிரப்ப ஒன்றரை மணி. காய்ந்தபின் மேல்வேலைக்கு ஒரு மணி. உறை மாட்டிக் கூடையில் நிறுத்த அரை மணி. சாமான் வாங்கப் போனது, வாட்ஸ்அப்பில் இருபது படம் அனுப்பி "இந்த ரோஸ் கலர் வேணாம், அந்த ரோஸ்" என்று பேசித் தீர்த்தது, இன்னொரு அரை மணி. ஆக நாலரை மணி நேரம்.

அந்த நாலரை மணிக்கு என்ன விலை? 2025-26-ல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்கு 42. வாய்க்கால் தூர்வாருவதற்கு அரசு கொடுத்த இந்தக் கூலிக்குக் கீழே எந்தக் கைவேலைக்காரியும் தன்னை மதித்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கணக்கில் கூலி 189, அடக்கம் 519. கைத்திறனுக்கு மணிக்கு நூறு என்று வைத்தால் கூலி 450, அடக்கம் 780. அச்சு, அடுப்பு, பீட்டர் தேய்மானத்துக்கு ஐம்பது சேர்த்து 830. அதன்மேல் பதினைந்து சதவீதம் லாபம் வைத்தால் 950-ஐ ஒட்டி வரும். கூலி வேறு, லாபம் வேறு என்பதைக் கவனியுங்கள். கூலி உங்கள் கைக்கு. லாபம் அடுத்த பண்டிகைக்கு வெண்ணெய் வாங்க.

1959-ல் பம்பாய் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் இந்தப் பிரிவினையைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டது. எத்தனை கிலோ உருட்டினாரோ அத்தனைக்குக் கூலி. லாபம் வந்தால் அது தனியே பங்கு. நம் ஊரிலும் மாவும் எண்ணெயும் வீட்டுக்காரர் கொடுத்து, 'படிக்கு இவ்வளவு' என்று பலகாரக் கூலி வாங்கிய வழக்கம் இருந்தது. சொந்தச் சாமான் போட்டுச் செய்யத் தொடங்கியபோதுதான் கூலி எங்கோ மாவுக்குள் கரைந்து காணாமல் போனது.

இப்போது ஐசிங்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். விலையின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் அடித்துச் செய்யும் ராயல் ஐசிங்கை முதலில் கெட்டியாக எடுத்து ஓரம் கட்டுவார்கள். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கி உள்ளே நிரப்புவார்கள். ஊசி முனையால் குமிழியை உடைத்து, குக்கீயை லேசாகத் தட்டினால் மேற்பரப்பு தானாகச் சமமாகும். பிறகு காத்திருக்க வேண்டும். மேலே தோல் கட்டுவதற்கு முன் பக்கத்து வண்ணத்தை வைத்தால் சிவப்பு வெள்ளைக்குள் ஊறிவிடும். இதழ் வெள்ளை, நடு மஞ்சள், காம்பு பச்சை, மேலே தங்கப் புள்ளி என்றால் நான்கு வண்ணம், நான்கு பைப்பிங் பை, நான்கு முறை கழுவல், இடையிடையே காத்திருப்பு.

அதிலும் நமக்கு வாய்த்த பருவத்தைப் பாருங்கள். குளிர் நாட்டில் ஹீட்டர் ஓடும் அறையில் ஓர் இரவில் இறுகுவது, வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஐப்பசியில், கடற்கரை ஊரில், மறுநாள் மத்தியானம் வரை பிசுபிசுக்கும். மின்விசிறி இரவெல்லாம் ஓட வேண்டும். மின்சாரம் போனால் ஈரம் பிஸ்கட்டுக்குள் இறங்கும், அடுத்து குச்சி தளரும். ஒரு தட்டு மொத்தமும் புள்ளி விழுந்து வீணாவது சாதாரணம். தீபாவளிக்கான சேதக் கணக்கும் பங்குனிக்கான சேதக் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது. மழைமாத விலையில் பத்து சதவீதம் கூட்டி வைப்பது பேராசை ஆகாது.

அதனால் நான் சொல்லும் விலைப்பட்டியல் முறுக்கு அம்மாவுடையது. அவர் சுற்றை எண்ணுவதுபோல் நீங்கள் வண்ணத்தை எண்ணுங்கள். இரண்டு வண்ணக் கொத்து ஒரு விலை, நான்கு வண்ணம் ஒரு விலை, பெயர் எழுதுவது தனி. மணிக்கணக்கு சொன்னால் வாங்குபவருக்கு எரிச்சல் வரும். வண்ணம் சொன்னால் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்வார், பட்ஜெட் போதாதவர் தானாக இரண்டு வண்ணத்துக்கு இறங்கி வருவார். நீங்கள் விலையைக் குறைக்க வேண்டியதில்லை, வேலை குறைகிறது.

முட்டை விஷயம் ஒன்று. தீபாவளிக்குப் பாதிப் பேர் முட்டையில்லாததுதான் கேட்பார்கள். பால் விட்டுச் செய்யும் கிளேஸ் இன்னும் மெதுவாகக் காயும். அதற்கு விலை கூட்டத்தான் வேண்டும், குறைக்கத் தோன்றும், குறைக்காதீர்கள். முட்டை போட்டதில் பச்சைக் குறி வைப்பது சட்டப்படி தவறு. சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்தான் வர வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். 2011 விதிகள் ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு உரிமம் கேட்கவில்லை, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு போதும் என்றன. அந்தப் பதிவின் 14 இலக்க எண் லேபிளில் இருந்தால், அறியாத ஊரிலிருந்து அழைப்பவரும் நம்பிப் பணம் அனுப்புவார்.

தலத்தெருக்காரருக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு மாறிய காரைக்கால், மூன்று பக்கமும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரி. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினாலும் தெற்கே வாஞ்சூரைத் தாண்டினாலும் வேறு மாநிலம். அந்த எல்லைச் சோதனைச் சாவடிகளில் இத்தனை காலம் மதுப் பாட்டிலைத்தான் தேடினார்கள், பிஸ்கட்டை அல்ல. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் கண்ணில் பிஸ்கட்டும் எல்லை தாண்டும் சரக்குதான்.

சரக்கு விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டிய வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுவரவு 40 லட்சம். புதுச்சேரியில் 20 லட்சம். பண்டிகைக்கு நூறு கொத்து விற்றாலும் ஒரு லட்சத்தைத் தொடாதவருக்கு இரண்டும் எட்டாத உயரம். வம்பு வேறிடத்தில். வரிக்குரிய சரக்கை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பி விற்பவர், விற்றுவரவு எவ்வளவு சின்னதானாலும் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 24-ம் பிரிவு. கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, தின்பண்டத்துக்குக் கிடையாது. பத்து கிலோமீட்டர் போல இருக்கும் நாகூருக்கு ஒரு லாத்தா வீட்டு விசேஷத்துக்குக் கொத்து அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநில வியாபாரம்! நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து மதுரைக்கு அனுப்புபவருக்கு இந்தத் தலைவலி இல்லை. நாகூர்க்காரரே தலத்தெருவுக்கு வந்து கையோடு வாங்கிப் போனால் அது உள்ளூர் விற்பனை. ஆகவே "வீட்டுக்கே வந்து தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்குமுன், வீடு எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

வரி விகிதம் இப்போது பெரிய பாரமில்லை. பிஸ்கட், கேக்குக்கு 18 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். 950 ரூபாய்க் கொத்தில் 171 ரூபாயாக இருந்திருக்கும் வரி 47 ரூபாய் ஐம்பது காசாகிவிட்டது. பாரம் வரியில் இல்லை, ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஆடிட்டருக்குக் கொடுப்பதில் இருக்கிறது. பத்துக் கொத்துக்காக அதைச் சுமக்க வேண்டாம், ஐம்பது கொத்துக்கு நிலையான ஆர்டர் எல்லைக்கு அப்பால் கிடைத்தால் உட்கார்ந்து யோசிக்கலாம்.

பேக்கரியில் வைத்து விற்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. கடைக்காரர் 25 சதவீதம் கமிஷன் கேட்கிறார். 950-ன்மேல் கால் பங்கு ஏற்றி 1190 என்று போட்டுவிடுகிறார்கள். அவர் எடுப்பது விற்ற விலையில் கால் பங்கு. 1190-ல் 297 போனால் உங்களுக்கு 893தான். 950 கைக்கு வர வேண்டுமானால் 950-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும். விலை 1267 வரும். அந்த விலைக்குக் காரைக்காலில் போகுமா என்பது சந்தேகம்தான்; அதனால் கூடைக்குப் பதில் காகித உறையில் ஏழு குக்கீ கட்டிக் கடைக்குக் கொடுப்பது உத்தமம். பதினொன்று நேரடி ஆர்டருக்கு மட்டும் இருக்கட்டும்.

பாதிப் பணம் முன்பணம், பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே ஆர்டர் கதவு சாத்தல். இதில் சொந்தம், பக்கத்துவீடு என்று பார்த்தால் தீபாவளிக்கு முந்தின இரவு விசிறிக்கடியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். அப்படியும் மீந்தால் கொத்தின் விலையைக் குறைத்து விற்காதீர்கள். அடுத்த வருஷம் எல்லாரும் மறுநாளுக்குக் காத்திருப்பார்கள். கூடையைப் பிரித்து, குக்கீயைத் தனித்தனியாக உறையோடு ஐம்பது, அறுபதுக்குக் கொடுங்கள்; கூடையும் ஃபோமும் ரிப்பனும் கிறிஸ்துமஸுக்கு ஆகும். அகல்விளக்கு, மத்தாப்பு வடிவங்கள் மறுநாள் யாருக்கும் வேண்டாம், பூவும் பட்டாம்பூச்சியும் பிறந்தநாளுக்குப் போகும். ஆகவே பதினொன்றில் நான்கு மட்டும் விளக்கு, ஏழு பூ என்று முதலிலேயே திட்டமிடுங்கள்.

(அடுத்த வாரம்: கடனுக்குக் கொடுத்த பலகாரம்)