மதிப்பீட்டு வரியும் வீட்டுச் சாமான்களும்

கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபொழுது, லயன் வீடுகளை விட்டு வெளியேறிச் சொந்த வீடு வாங்கிய பாட்டாளிக் குடும்பங்கள் பலவாகும். லயன் வீட்டில் வாழ்ந்தவரை வீட்டு வரி அவர்கள் கவலையன்று. அது நிலவுடைமையாளரின் பொறுப்பு. சொந்த வீட்டிலோ, 'சுக்காய் பிந்து' என வழங்கும் மதிப்பீட்டு வரிக்கான சீட்டு அவர்கள் பெயருக்கே வருகின்றது. புதிதாக ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கினால் வரி கூடுமோ என்னும் ஐயமும் எழுகின்றது.

கூடாது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டப்படி, இவ்வரி நிலத்திற்கும் கட்டடத்திற்கும் உரியது. பெரும்பாலும் ஆண்டு மதிப்பைக் கொண்டே இது கணக்கிடப்படுகின்றது. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கக்கூடுமோ, அதுவே ஆண்டு மதிப்பாகும். சான்றாக, மாதம் 300 ரிங்கிட் வாடகை பெறத்தக்க வீட்டின் ஆண்டு மதிப்பு 3,600 ரிங்கிட். வரி விகிதம் 4 விழுக்காடு எனக் கொண்டால், ஆண்டு வரி 144 ரிங்கிட். அரையாண்டிற்கு 72 ரிங்கிட். கட்டில், அலமாரி, தொலைக்காட்சி, தையல் இயந்திரம் ஆகியவை இக்கணக்கில் சேரா. ஆனால், கூடுதலாக ஓர் அறை கட்டினால் மதிப்பு உயரலாம்.

எல்லா நாடுகளிலும் இவ்வாறு இருந்ததில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், 1992-ஆம் ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்திய பின்னரே வீட்டுச் சாமான்களுக்குச் சொத்து வரியிலிருந்து விலக்குக் கிடைத்தது.

எனினும், நம் சட்டத்தில் ஒன்றை மறத்தலாகாது. சாமான்களுக்கு வரி இல்லை. ஆனால் வரி பாக்கிக்காக அச்சாமான்களையே கைப்பற்றி ஏலத்தில் விற்கும் அதிகாரம் ஊராட்சி மன்றத்திற்கு உண்டு. அவ்வீட்டில் காணப்படும் பொருள் பிறருடையதாயினும் கைப்பற்றப்படலாம். ஆகவே, முதல் அரையாண்டு வரியைப் பிப்ரவரி இறுதிக்குள்ளும், இரண்டாம் அரையாண்டு வரியை ஆகஸ்டு இறுதிக்குள்ளும் செலுத்திவிடுதல் நலம்.

புதிய மதிப்பீடு மிகுதியெனத் தோன்றினால், அறிவிப்பில் குறித்துள்ள மறு ஆய்வு நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் எழுத்து வழி ஆட்சேபம் தெரிவிக்கலாம். மன்றத்தின் முடிவு நிறைவளிக்காவிடில் உயர் நீதிமன்றத்தில் முறையிடவும் வழியுண்டு. அறிவிப்பு வந்தவுடன் படித்துப் பாருங்கள். மொழி புரியாவிடில் படித்த பிள்ளைகளைக் கொண்டேனும் கேட்டறியுங்கள். வரி கட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.