வெள்ளோட்டத்தில் சோதிக்கப்படுவது யார்?

எச்.ஐ.வி. தடுப்பில் நடத்தை ஆலோசனை என்பது ஊசியோ மாத்திரையோ அல்ல, பேச்சு. அந்தப் பேச்சு பலிக்கிறதா என்று பெரிய அளவில் ஆராய்வதற்கு முன், சிலரிடம் மட்டும் நடத்திப் பார்க்கிறார்கள். இதுதான் பைலட் ஸ்டடி. நம் வழக்கில் வெள்ளோட்டம். நோய் குறைந்ததா என்று இங்கே கேட்கக் கூடாது. நாற்பது ஐம்பது பேரிடம் தெரியும் வித்தியாசம் தற்செயலாகவே இருக்கலாம். கேட்க வேண்டியவை வேறு. வந்தவர் மறுபடி வருகிறாரா? கேள்வி புரிகிறதா? ஆலோசகர் உரையாடுகிறாரா, புத்திமதி சொல்லக் கிளம்பிவிடுகிறாரா?

கடைசிக் கேள்வி அற்பமானதல்ல. அமெரிக்காவில் 1993இல் தொடங்கிய 'ப்ராஜெக்ட் ரெஸ்பெக்ட்', ஐந்து நகரங்களின் பால்வினை நோய் கிளினிக்குகளில் 5,758 பேரை ஆராய்ந்தது. நான்கு அமர்வு உரையாடல், இரண்டு அமர்வு உரையாடல், வெறும் தகவல் என்று பிரிவுகள். ஆறு மாதத்தில் புதிதாகப் பால்வினை நோய் கண்டவர்கள் முறையே 7.2, 7.3, 10.4 சதவீதம் என 1998இல் முடிவு வந்தது. உரையாடல் புத்திமதியாகச் சரிந்திருந்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சியிருக்காது.

இத்தகைய உரையாடலின் மையம் ஒரு கேள்வி: "ஆபத்தைக் குறைக்க உங்களால முடிஞ்ச ஒரு சின்னக் காரியம் என்ன?" தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் தன்னிலையை இக்கேள்வி முன்கூட்டியே அனுமானித்துக்கொள்கிறது. பாலியல் பற்றிப் பேசவைப்பதே அதிகாரத்தின் ஒரு செயல்பாடு என்று ஃபூக்கோ 1976இல் எழுதினார். ஆலோசனை அறையில் தீர்ப்பு இல்லைதான். ஆனால் பொறுப்பு முழுக்கப் பேசுபவர் தலையில். "காண்டம் போடச் சொன்னா சந்தேகப்படுவாரு, அடிதான் விழும்" என்று ஒரு பெண் சொன்னால்?

வெள்ளோட்டத்தின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. அப்போது அவள் சொல்லும் "முடியாதுங்க" ஆய்வையே மாற்றலாம்: கேள்வியைத் திருத்தலாம், கணவனையும் அழைக்கலாமா என்று யோசிக்கலாம். பிரதான ஆய்வு தொடங்கிவிட்டால் நெறிமுறை இறுகிவிடுகிறது; அதே பதில் படிவத்தில் ஒரு குறியீட்டு எண்ணாகிவிடுகிறது.

நிரூபணமான பேச்சும் என்றைக்கும் நிரூபணமானதல்ல. 2010இல் அமெரிக்காவின் ஒன்பது கிளினிக்குகளில் 5,012 பேரிடம் துரிதப் பரிசோதனையோடு ஆலோசனையைச் சேர்த்துப் பார்த்தார்கள். புதிய தொற்று ஆலோசனை பெற்றவர்களில் 12.3 சதவீதம், தகவல் மட்டும் பெற்றவர்களில் 11.1. ஆலோசனையால் பலன் தெரியவில்லை.

ஆகவே ஓர் ஆய்வறிக்கையில் சதவீதங்களுக்கு முன்னால் தேட வேண்டியது ஒன்றுண்டு: வெள்ளோட்டத்தில் வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஆய்வாளர்கள் எதை மாற்றினார்கள்? எதையுமே மாற்றவில்லை என்றால், சோதிக்கப்பட்டது ஆய்வு அல்ல, வந்தவர்கள்தான்.