நீக்கப்படாத வரி

சிங்கப்பூரில் ஆங் மோ கியோ நகரை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1973-ஆம் ஆண்டு எழுப்பத் தொடங்கியது. அந்நாளில் கைக்குழந்தைகளோடு அடுக்குமாடி வீடுகளில் குடிபுகுந்த இளையோர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்களுள் ஒரு மூதாட்டியை எண்ணிக்கொள்வோம். நீரிழிவுக்கு அவர் ஆங் மோ கியோ சென்ட்ரல் 2-இல் உள்ள பலதுறை மருந்தகத்துக்குச் செல்கிறார். காய்ச்சல், இருமல் என்றால் தம் புளோக்கின் கீழ்த்தளத்து மருந்தகமே போதும். பக்கவாதம் தாக்கியபோது அவரைச் சேர்த்தது நொவீனாவிலுள்ள டான் டோக் செங் மருத்துவமனையில். தேறி நடைபழகியது அவென்யூ 9-இல் உள்ள ஆங் மோ கியோ – தை ஹுவா குவான் மருத்துவமனையில். மகள் செங்காங்கில் குடியிருப்பதால் வேறு சில நோய்களுக்குச் செங்காங் பொது மருத்துவமனை. அவரைப் பொறுத்தவரை இவை யாவும் ஒரே உடலுக்கான ஒரே மருத்துவம். மேலாண்மை நோக்கில் பார்த்தால் நான்கு உடைமைகள். பலதுறை மருந்தகமும் டான் டோக் செங்கும் தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமத்தைச் சேர்ந்தவை, கீழ்த்தள மருந்தகம் தனியாருடையது, நடைபழகிய இடம் அறக்கொடை அமைப்பினது, செங்காங் சிங்ஹெல்த்தினது.

இந்நான்கின் இடைவெளியில்தான் தகவல் முறைமை ஆய்வு தன் வினாக்களைக் கண்டெடுக்கிறது. கணினி எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பது அத்துறைக்குச் சிறிய செய்தி. நிறுவனமும் மாந்தரும் கணினியும் ஒன்றையொன்று எவ்வாறு வளைக்கின்றன என்பதே அதன் பொருள். நிறுவனங்கள் வடிவமைக்கும் முறைமைகள் அந்நிறுவனங்களுக்குள் யார் யாரோடு பேசுகின்றனர் என்னும் அமைப்பையே படியெடுத்தாற்போல் அமையும் என்று மெல்வின் கான்வே என்னும் கணிப்பொறியாளர் 1968-இல் எழுதினார். மென்பொருளாளர்கள் அதை ஒரு விதியாகவே இன்றும் வழங்குகின்றனர். சிங்கப்பூரின் மருத்துவப் பதிவுகளின் வரலாறு அவ்விதிக்கு எழுதிய உரைபோல் விரிகிறது.

2000-ஆம் ஆண்டு அரசு மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் இரண்டு பெருங்குழுமங்களாகப் பிரிக்கப்பட்டன. ஒன்றோடொன்று போட்டியிட்டால் தரம் உயரும் என்பது எண்ணம். விளைந்தவை இரண்டு பதிவுக் களஞ்சியங்கள். ஒரு குழுமத்தின் மருத்துவர் மற்றதன் ஏட்டைக் காண 2004-இல் ஒரு பரிமாற்ற ஏற்பாடு தேவைப்பட்டது. 2008-இல் குழுமங்களின் கணினிப் பணியாளர்களை ஒரே நிறுவனத்தின்கீழ்க் கொணர்ந்தார்கள். சுருக்கமாக ஐஹிஸ் எனப்பட்ட அந்நிறுவனம் 2023-இல் சினாப்ஸ் எனப் பெயர் மாறியது. 2011-இல் ஒருவருக்கு ஒரே பதிவு என்னும் குறிக்கோளோடு தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு தொடங்கப்பட்டது. இதற்கிடையே இரண்டு குழுமங்கள் ஆறு வட்டார அமைப்புகளாகிவிட்டன. 2017-இல் வெளியான அறிவிப்பால் அவை மூன்றாக மீண்டும் சேர்ந்தன. எல்லைக்கோட்டை அமைச்சு ஓர் அறிக்கையால் மாற்றிவிடலாம். அக்கோட்டைப் பின்பற்றி எழுதப்பட்ட நிரலை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. ஒவ்வொரு மாற்றமும் பழைய அடுக்கின்மேல் ஒரு புதிய அடுக்கைப் படியவிட்டுச் செல்கிறது.

அவ்வடுக்குகளை எல்லாம் ஊடுருவி நிற்பது ஓர் எண். மூதாட்டியின் பெயரை ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பதிந்திருக்கக்கூடும். தமிழ்ப் பெயர்களுக்கு இந்த இடர் மிகுதி. தந்தை பெயர் முன்னே நிற்குமா பின்னே நிற்குமா என்ற குழப்பம் வேறு. அடையாள அட்டை எண் இதற்கு விடை தந்தது. அவ்வெண்ணின் இறுதி எழுத்து ஓர் அழகிய கணக்கு. எஸ் 1234567 என்று வைத்துக்கொள்வோம். ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 106 வரும். 11-ஆல் வகுத்தால் மீதி 7. எஸ் வரிசையில் 7-க்குரிய எழுத்து டி. ஆகவே எண் எஸ் 1234567 டி என்று முடியும். பதிவுமேசையில் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் எழுத்து பொருந்தாது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினாலும் பொருந்தாது. வகுப்பெண் 11 ஒரு பகா எண்ணாக இருப்பதும், அடுத்தடுத்த பெருக்கெண்கள் ஒன்றாக இராததும் இதற்குக் காரணம். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் பெருக்கெண் 2-ஆகவே இருப்பதால் அவ்விரண்டையும் இடம் மாற்றினால் மட்டும் கணக்கு ஏமாந்துபோகும். அப்படித் தவறுவோர் அரியர் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. இந்தியாவில் 2021-இல் நாடளாவிய மின்னியல் நலவாழ்வு இயக்கம் தொடங்கியபோது ஆபா என்னும் 14 இலக்க எண்ணைப் புதிதாக வழங்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் அவ்வேலை பல்லாண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அடுத்து வருவது ஒருங்கிணைப்பு. செயல்களுக்கு இடையிலுள்ள சார்புகளை மேலாளுவதே ஒருங்கிணைப்பு என்று தாமஸ் மலோனும் கெவின் கிரவுஸ்டனும் 1994-இல் வரையறுத்தனர். வறண்ட வரையறைதான், ஆனால் மருந்தகத்தில் அது உயிர் பெறுகிறது. மூன்று திங்கள் சராசரிச் சர்க்கரை அளவைத் தெரிவிக்கும் குருதிச் சோதனை, மருத்துவரைக் காணும் நாளுக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். சோதனை பிந்தினால் மருத்துவர் பழைய எண்ணைப் பார்த்துப் புதிய மருந்தளவைத் தீர்மானிப்பார். அல்லது மீண்டும் வரச் சொல்வார். முதியவரின் அரைநாளும் உடன்வந்த மகளின் விடுப்பும் வீண். இச்சார்பைக் கணினி நினைவூட்டலாம். சோதனைக்கு வராதவரை அழைத்து, "அம்மா, ஏன் வரவில்லை? கால் வலியா?" என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமத்தின் பலதுறை மருந்தகங்கள் மருத்துவர், செவிலியர், பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் அடங்கிய சிறுகுழுக்களிடம் நாட்பட்ட நோயரை ஒப்படைத்தது இதனால்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதே சார்பை எதிர்த்திசையிலிருந்து அவிழ்த்தது. நோயர் மருந்தைத் தேடி வருவதற்கு மாறாக, ஊர்ப் பெண் தன்னார்வலர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறார். வசதியில் பெரிதும் வேறுபட்ட ஈரிடங்களும் பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆளையே நியமிக்க நேர்ந்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

பெயர் சொல்லக்கூடிய ஆள் இல்லாத இடத்தில் என்ன நேரும்? அதற்கு மருந்துப் பட்டியலைவிடத் தெளிந்த சான்று இல்லை. மூதாட்டி பக்கவாத சிகிச்சை முடிந்து வீடு திரும்புகையில் குருதியழுத்தத்துக்கு ஆம்லோடிப்பின் எழுதிக் கொடுக்கிறார்கள். கீழ்த்தள மருத்துவர் முன்பே தந்திருந்த பெட்டியில் நார்வாஸ்க் என்றிருக்கிறது. இரண்டும் ஒரே மருந்து. ஒன்று பொதுப்பெயர், மற்றது வணிகப்பெயர். அவர் இரண்டையும் விழுங்கினால் அழுத்தம் தாழ்ந்து, கணுக்கால் வீங்கி, குளியலறையில் தலைசுற்றி விழலாம். பெயர் எதுவாயினும் ஒரே குறியீட்டுக்குக் கொண்டுவரும் மருந்து அகராதி இருந்தால் கணினி இதைக் கண்டுபிடித்துவிடும். மருத்துவமனையின் தரவும் மருந்தகத்தின் தரவும் ஓரிடத்துக்கு வந்திருந்தால்தான். சிங்கப்பூரில் முதனிலை மருத்துவ வருகைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தனியார் மருந்தகங்களுக்கே உரியது. அவற்றுள் பெரும்பாலானவை நெடுங்காலம் தேசியப் பதிவுக்குத் தரவு அனுப்பவில்லை. கட்டாயமில்லை, மென்பொருளுக்குச் செலவு, மருத்துவர் ஒருவரே நடத்தும் கடையில் தட்டச்சிட ஆளுமில்லை.

தரவு வந்து சேர்ந்தாலும் சிக்கல் தீர்ந்ததாகாது. 2005-இல் ராஸ் கோப்பெல் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கணினிவழி மருந்தெழுதும் முறையை ஆராய்ந்து, அம்முறையே வழிவிட்ட 22 வகைப் பிழை இடர்களைப் பட்டியலிட்டனர். ஒரே நோயரின் மருந்துகள் அனைத்தையும் காண 20 திரைகள் வரை புரட்ட வேண்டியிருந்தது என்பது அவற்றுள் ஒன்று. தாளில் ஒரே பார்வையில் தெரிந்தது கணினியில் சிதறிப்போனது.

என் கருத்தில் இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. பொதுப் பதிவில் ஒரு வரியைச் சேர்க்க எல்லார்க்கும் உரிமை; நீக்குவது எவருக்கும் கடமையன்று. பெனிசிலின் ஒவ்வாமையை எடுத்துக்கொள்ளலாம். சிறுவயதில் காய்ச்சலின்போது தோலில் தடிப்புத் தோன்றியிருக்கும். நோய்நுண்மியாலா மருந்தாலா என்பது யாருக்கும் தெரியாது. ஏட்டில் ஒவ்வாமை என்று எழுதிவிடுவார்கள். மேலைநாடுகளில் பத்தில் ஒருவர் ஏட்டில் இவ்வரி காணப்படுகிறது. முறையாகச் சோதித்தால் அவர்களுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர்க்கு அவ்வொவ்வாமை இல்லை. வரி மட்டும் இருக்கும். அதனால் அவர்களுக்கு எளிய மருந்தை விடுத்துப் பரந்த ஆற்றலுள்ள நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தருகிறார்கள். மருந்தை எதிர்த்து நிற்கும் நுண்மிகள் பெருகவும் அது இடந்தருகிறது. கான்வே எழுதிய அதே 1968-இல் லாரன்ஸ் வீட் என்னும் மருத்துவர், நோயரின் சிக்கல்களை எண்ணிட்டுப் பட்டியலாக்கி ஒவ்வொன்றும் தீர்ந்ததா என்று குறிக்கும் பதிவுமுறையை முன்மொழிந்தார். பட்டியலை உலகம் ஏற்றுக்கொண்டது. தீர்ந்ததா என்று குறிப்பதைத்தான் பல இடங்களில் கைவிட்டது. முப்பது ஆண்டுப் பழைய வரியை நீக்கிய மருத்துவரே நாளை ஒரு தீங்கு நேர்ந்தால் பதில்சொல்ல வேண்டும். நீக்காதவரை யாரும் கேட்கமாட்டார்கள். மென்பொருளை மாற்றித் தீராத கணக்கு இது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதன் விலையைச் சிங்கப்பூர் 2018-இல் அறிந்தது. சூன் 27 முதல் சூலை 4 வரை ஊடுருவியோர் சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து 15 இலட்சம் பேரின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த நாள் ஆகியவற்றைக் கவர்ந்தனர். 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. ஆங் மோ கியோ குழுத்தொகுதி உறுப்பினரும் அன்றைய தலைமையமைச்சருமான லீ சியன் லூங்கின் பதிவுகள் குறிவைத்து மீண்டும் மீண்டும் தேடப்பட்டன. ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான ஆய்வுக்குழு 2019 சனவரியில் அறிக்கை வெளியிட்டது. அதில் நுட்பக் குறைகள் பல சுட்டப்பட்டிருந்தாலும் முன்வரிசையில் நின்றவை ஆட்களைப் பற்றியவை: பணியாளருக்குப் போதிய விழிப்புணர்வும் பயிற்சியும் இல்லை; முதன்மைப் பொறுப்பிலிருந்த சிலர் உரிய நேரத்தில் உரியதைச் செய்யவில்லை. கீழ்நிலைப் பணியாளர்கள் விந்தையான தடயங்களைக் கண்டிருந்தனர். கண்டது மேலே உரிய விரைவில் ஏறவில்லை. ஐஹிஸுக்கு 7,50,000 வெள்ளி, சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளி தண்டம். தனியார் மருந்தகங்களும் கட்டாயம் தரவு தர வேண்டும் என்ற சட்ட முயற்சி அத்தோடு பல ஆண்டுகள் நின்றுபோனது. 2023 திசம்பரில் வரைவு மக்கள் கருத்துக்கு வந்து, 2025 நவம்பரில்தான் நாடாளுமன்றத்தை எட்டியது.

சட்டத்துக்கு முன்பே 2023 சூலை 5-ஆம் நாள் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் தொடங்கிவிட்டது. முதலில் 60 வயதுக்கு மேற்பட்டோர், பிறகு 40 வயதுக்கு மேற்பட்டோர் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்து பதிந்துகொள்ள அழைக்கப்பட்டனர். சேரும் மருந்தகங்கள் தேசியப் பதிவோடு இணைந்த மென்பொருளைக் கையாள வேண்டும். அதற்கு ஒருமுறை உதவியாக 10,000 வெள்ளி அறிவிக்கப்பட்டது. கணினிச் செய்தியாக இதைப் படித்தோர் பலர். நான் இதை மேலாண்மைச் செய்தியாகவே படிக்கிறேன். நம் மூதாட்டி பலதுறை மருந்தகத்தைத் தேர்ந்தாலும் கீழ்த்தள மருத்துவரைத் தேர்ந்தாலும், அவருடைய பட்டியலுக்கு முதன்முறையாக ஓர் உரிமையாளர் கிடைக்கிறார்.

ஆங் மோ கியோ அவென்யூ 8-இல் உள்ள நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் செவிலியரும் கணினி மாணவரும் ஒரே வளாகத்தில் பயில்கின்றனர். அவர்கள் சேர்ந்து செய்யத்தக்க ஓர் ஆய்வை முன்வைக்கிறேன். இத்தகைய திட்டங்களை அளப்போர் எத்தனை பேர் பதிந்தனர், எத்தனை மருந்தகங்கள் இணைந்தன, எவ்வளவு தரவு வந்தது என்றே எண்ணுகின்றனர். ஒரு மருத்துவரிடம் ஓராண்டு பதிந்திருந்த முதியவரின் ஏட்டில் மருந்து, ஒவ்வாமை, நோய் ஆகிய மூன்று பட்டியல்களிலும் சேர்க்கப்பட்ட வரிகள் எத்தனை, நீக்கப்பட்ட வரிகள் எத்தனை, நீக்கியவர் யார், காரணம் எழுதினாரா என்று எண்ணலாம். தரவு முன்பே களஞ்சியத்தில் இருக்கிறது. நோயர் பெயர் தெரியாமலே கணக்கிட முடியும். நீக்கல்கள் சுழியத்தை ஒட்டி நின்றால் மருத்துவர் பெயர் பதிவில் மட்டும் இருக்கிறது என்று பொருள்.