விஷத்தைத் தின்னும் மண் கிருமிகள்!

தங்கவயல்வாசிகளுக்குச் சயனைடு மேடுகளைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றுக் காலத்தில் சோற்றுப் பானையை மூடி வைத்தாலும் தூசி உள்ளே போய்விடும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் இது. 13 மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது.

சயனைடு ஆளைக் கொல்லும் விஷம். அதையே ஆகாரமாகக் கொள்ளும் பாக்டீரியாக்களும் மண்ணில் உண்டு என்றால் வியப்பாக இல்லையா?

சூட்சுமம் என்ன?

இட்லி மாவைப் புளிக்க வைப்பதும், பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாக்களே. 'என்சைம்' எனப்படும் நொதிகளே அவற்றின் கருவிகள். நொதி தான் செலவாகாமல் ஒரு பொருளை வேறொன்றாக மாற்றிவிடும். சட்டைக் காலரின் அழுக்கைப் போக்க சலவைத் தூளில் சேர்க்கும் நொதிகளில் பல, 'பாசில்லஸ்' என்ற மண் பாக்டீரியா இனத்திலிருந்து கிடைப்பவைதான்.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் ஹோம்ஸ்டேக் சுரங்கமும் நம்முடையதைப் போலத் தங்கச் சுரங்கமே. 1984-ல் அங்கே கழிவு நீரைப் பாக்டீரியாவைக் கொண்டு சுத்தம் செய்யும் நிலையம் அமைத்தார்கள். சுழலும் தட்டுகளில் படர்ந்த பாக்டீரியாக்கள் சயனைடை உடைத்தன. அதில் உண்டான அம்மோனியாவை வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றின. நீர் போய்ச் சேரும் வைட்வுட் ஓடையில் மீண்டும் மீன்கள் வாழத் தொடங்கின. அந்தச் சுரங்கம் 2002-ல் மூடப்பட்டது.

ஜப்பானில் லாபம்

சயனைடுக்கு உறவான அக்ரிலோநைட்ரைல் என்ற ரசாயனத்தை, மண் பாக்டீரியாவின் நொதியால் அக்ரிலமைடாக மாற்றும் தொழிலை 1985-ல் ஜப்பானின் நிட்டோ கம்பெனி தொடங்கியது. கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யமடாவின் ஆராய்ச்சி இதற்குத் துணை நின்றது. காகிதத் தொழிலுக்கும் நீரைத் தெளிய வைக்கவும் இப்பொருள் பயன்படுகிறது.

நமக்கு என்ன?

நம் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்கு மீண்டும் சயனைடு பயன்படுமானால், கழிவு நீரைச் சுத்தம் செய்ய ஹோம்ஸ்டேக் காட்டிய வழி இருக்கிறது.

ஆனால் கல் தூசியைத் தின்னும் பாக்டீரியா கிடையாது. அது நுரையீரலை என்ன செய்யும் என்பது சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரியும். மேட்டைப் புல்லும் மரமும் மூடினால்தான் தூசி அடங்கும். தங்கத்தைக் கணக்கிடுவோர் இந்தச் செலவையும் கணக்கில் சேர்ப்பார்களாக!